நிலவேம்புக் குடிநீரை ரத்தத்தில் அளப்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரையில் நச்சுநீக்க ஆய்வு செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

கீழக்கரை முதல் தொண்டி வரை எந்த ஊரில் கேட்டாலும், நிலவேம்புக் குடிநீர் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்பார்கள். அந்தப் பேச்சை அளவிடக்கூடிய ஆய்வாக மாற்ற விரும்பும் சித்த மருத்துவ, மருந்தியல், உயிர்வேதியியல் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூலிகை, ஊசி, ரத்தம் பிடிக்கும் குழாய், குளிர்பதனம், நிறைமானி (மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் கருவி) என்று ஐந்து வேறு உலகங்களை ஒரே கையில் பிடிக்க வேண்டிய வேலை இது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ரத்தம் எடுப்பதில் தொடங்குகிறார்கள். பிளாஸ்மா, அதாவது ரத்த அணுக்களைப் பிரித்த பின் மிஞ்சும் திரவம், உறைபெட்டியை நிரப்பிய பிறகுதான் அதை எப்படி அளப்பது என்று யோசிக்கிறார்கள். சரியான வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் கேள்வி, அடுத்து மருந்து, அதன்பின் கருவி, கடைசியில்தான் மனிதர்கள். ஒருவர் நம்பிக் கொடுத்த ரத்தம் அளக்க முடியாமல் வீணாகக் கூடாது.

1. கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

முதல் கேள்வி: குடித்த மருந்திலிருந்து எந்தச் சேர்மம், எவ்வளவு, எத்தனை மணி நேரம் ரத்தத்தில் இருக்கிறது? இரண்டாம் கேள்வி: அது இருப்பதால் கல்லீரலின் நச்சுநீக்க நொதிகள் முன்பைவிட வேகமாக வேலை செய்கின்றனவா, மெதுவாகவா, மாற்றமே இல்லையா? முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

கல்லீரல் அந்நியப் பொருளை இரண்டு கட்டங்களில் கையாள்கிறது. முதல் கட்டத்தில் சிஒய்பி எனப்படும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் அந்தப் பொருளில் மாற்றம் செய்கின்றன. இரண்டாம் கட்டத்தில் குளுக்குரோனிக் அமிலமோ சல்பேட்டோ குளுட்டதையோனோ அதனுடன் இணைக்கப்படுகிறது. இப்படி நீரில் எளிதாகக் கரையும் வடிவம் பெற்ற பொருள் சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியேறுகிறது.

நிலவேம்பின் முதன்மைச் சேர்மமான ஆன்ட்ரோகிராஃபோலைடும் உடலுக்கு ஓர் அந்நியப் பொருள்தான். அதன் அளவு ரத்தத்தில் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடம், உடல் அந்த மூலிகைச் சேர்மத்தை எப்படி வெளியேற்றுகிறது என்பதைத்தான் சொல்கிறது. அந்த மூலிகை உடலிலிருந்து வேறு எதையாவது வெளியேற்றியதா என்பதற்கு அதில் விடை இல்லை.

அதற்குத் தனியாக ஓர் ஆய்வுப் பொருள் தேவை. நாங்கள் பயன்படுத்துவது காஃபின். கல்லீரலில் சிஒய்பி 1ஏ2 என்ற நொதி காஃபினைப் பெரும்பாலும் பாராசாந்தினாக மாற்றுகிறது. குறிப்பிட்ட அளவு காஃபின் கொடுத்து, 6 மணி நேரம் கழித்துப் பாராசாந்தினுக்கும் காஃபினுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால், அந்த நொதியின் வேகம் தெரியும். ஒரே மனிதரிடம் மூலிகைக்கு முன்னும் பின்னும் அளந்தால் மாற்றமும் தெரியும்.

ஏஎல்டி, ஏஎஸ்டி சோதனைகளை நச்சுநீக்கத்தின் அளவுகோலாக வைக்காதீர்கள். அவை கல்லீரல் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் நொதிகள். பங்கேற்பாளரின் பாதுகாப்புக்காக அவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கல்லீரல் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை அவை சொல்லாது.

2. அனுமதிகள்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளுக்கு உட்பட்ட ஒப்புதல் படிவம், இந்தியக் கிளினிக்கல் ஆய்வுப் பதிவேட்டில் பதிவு ஆகிய மூன்றும் முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். சேர்த்த பிறகு பதிவு செய்து சமாளிக்க முடியாது. குழுவில் பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவரும், அவசரத்தைக் கையாளத் தெரிந்த அலோபதி மருத்துவர் ஒருவரும் இருக்கட்டும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதினால் மட்டும் போதாது, உரக்கப் படித்துக் காட்டுங்கள். மொத்தம் எடுக்கப்போகும் ரத்தத்தை மில்லிலிட்டரில் மட்டும் சொல்லாமல், அதே அளவு தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றிக் காட்டுங்கள். எண் சொல்லும்போது தலையாட்டியவர்கள், டம்ளரைப் பார்த்ததும்தான் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு போடப்படும் கையெழுத்துதான் ஒப்புதல்.

3. மருந்தின் அளவை உறுதி செய்யுங்கள்

நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தில் ஒன்பது சரக்குகள் உண்டு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. நிலவேம்பை மட்டும் ஆய்வு செய்வதா, முழுக் குடிநீரையா என்பதை இந்தப் படியிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே ஆய்வல்ல.

காரணம் மிளகு. அதிலுள்ள பைப்பரின் நொதிகளைத் தடுக்கும் இயல்புடையது. 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில், மஞ்சளிலுள்ள குர்குமின் 2 கிராமுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது, மனிதர்களில் குர்குமின் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் கூடியது. முழுக் குடிநீரைக் கொடுத்துவிட்டுப் பைப்பரினை அளக்காமல் விட்டால், நொதியில் கண்ட மாற்றம் நிலவேம்பால் வந்ததா மிளகால் வந்ததா என்று பிரிக்க வழியே இருக்காது.

நிலவேம்புச் செடியைத் தாவரவியலாளரிடம் காட்டி உறுதி செய்து, ஒரு கிளையை உலர் தாவர மாதிரியாக எண்ணிட்டு வையுங்கள். கடைப்பெயரை நம்பி வாங்கினால், ஒரு கடையில் கிடைப்பதும் அடுத்த கடையில் கிடைப்பதும் ஒரே செடியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. முழு ஆய்வுக்கும் தேவையான சூரணத்தை ஒரே தொகுதியாக வாங்குங்கள். கன உலோகங்களுக்கும் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினுக்கும் சோதித்து, ஒரு வேளை அளவாகப் பொட்டலம் கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். பாம்பன் போன்ற இடத்தில் உப்புக்காற்றின் ஈரம், திறந்த சூரணத்தைச் சில நாட்களிலேயே கட்டியாக்கிவிடும். ஈரம் ஏறிய 5 கிராமில் மருந்து 5 கிராம் இருக்காது, பூஞ்சையும் பிடிக்கும்.

காய்ச்சும் முறையையும் எழுதி வையுங்கள்: எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவாகச் சுண்ட வேண்டும், எந்தப் பாத்திரம். ஆன்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் அரிதாகவே கரையும். கொதிக்கும் நேரம் மாறினால் கரைந்து வரும் அளவும் மாறும். இந்த மாவட்டத்தின் கிணற்று நீர் ஊருக்கு ஊர் உவர்ப்பு மாறுவதால், எல்லா ஊரிலும் ஒரே சுத்திகரித்த நீரையே பயன்படுத்துங்கள். கசப்புக்காகக் கருப்பட்டி கேட்பார்கள். கொடுப்பதென்றால் எல்லோருக்கும் ஒரே எடையில் கொடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

காய்ச்சிய ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் 5 மி.லி. எடுத்து உறைய வையுங்கள். ஒருவர் உண்மையில் எத்தனை மில்லிகிராம் ஆன்ட்ரோகிராஃபோலைடு குடித்தார் என்பதைப் பின்னர் அதில்தான் அளக்க முடியும். இந்த 5 மி.லி.யை மறந்தால், ரத்தத்தில் கண்ட அளவை எதனுடன் ஒப்பிடுவீர்கள்?

4. முதல் ஊசிக்கு முன்பே அளவீட்டு முறையை நிலைநாட்டுங்கள்

குடிநீராகக் குடித்தால் ரத்தத்தில் ஆன்ட்ரோகிராஃபோலைடு ஒரு மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராம் அளவில்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள். புறஊதாக் கருவியுடன் கூடிய சாதாரண எச்பிஎல்சி, அதாவது கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரிக்கும் திரவ நிறப்பகுப்பி, இலைச் சாற்றை அளக்கப் போதும்; பிளாஸ்மாவுக்குப் போதாது. திரவ நிறப்பகுப்பியுடன் இணைந்த மும்மை நான்முனை நிறைமானி வேண்டும். அந்தக் கருவி கடற்கரையில் இருக்கத் தேவையில்லை. அது இருக்கும் ஆய்வகத்துடன் எழுத்து மூலமான உடன்பாடு இருந்தால் போதும்.

ஆன்ட்ரோகிராஃபோலைடின் மூலக்கூறு எடை 350.45. நிறைமானியின் எதிர்மின் முறையில் 349 நிறையுள்ள அயனியைப் பிடித்து, அது உடைந்து வரும் 287ஐப் பின்தொடருங்கள். பைப்பரினுக்கு நேர்மின் முறையில் 286இலிருந்து 201. காஃபினுக்கு 195இலிருந்து 138. பாராசாந்தினுக்கு 181இலிருந்து 124.

பாராசாந்தினில் ஒரு சிக்கல் உண்டு. ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினும் அதே மூலக்கூறு எடை கொண்டது, அதே 124ஐயும் தருகிறது. காஃபினிலிருந்து உடலும் சிறிதளவு தியோஃபிலினை உருவாக்குகிறது. நிறைமானியால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. நிறப்பகுப்புப் பத்தியில்தான் பிரிக்க வேண்டும். இரண்டு சேர்மங்களையும் தனித்தனியாகவும் கலந்தும் செலுத்தி, உச்சங்கள் பிரிந்து வரும் வரை கரைப்பானின் விகிதத்தை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த விகிதம், உண்மையில் இல்லாத வேகத்தில் நொதி ஓடுவதாகக் காட்டும்.

அக ஒப்பீட்டுப் பொருளை, அதாவது ஒப்பிடுவதற்காக ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருளை, தேர்வதிலும் தடுமாற்றம் உண்டு. காஃபினுக்கு ஐசோடோப்பு ஏற்றிய காஃபின் விலைக்குக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். ஆன்ட்ரோகிராஃபோலைடுக்கு, அதன் நெருங்கிய உறவான டீஹைட்ரோ ஆன்ட்ரோகிராஃபோலைடைச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். தூய ஆன்ட்ரோகிராஃபோலைடு மாத்திரை கொடுக்கும் ஆய்வில் அது சரிப்படலாம். குடிநீர் ஆய்வில் அது ஆகவே ஆகாது, ஏனென்றால் அந்தச் சேர்மம் செடியிலேயே இருக்கிறது. நீங்கள் சேர்த்தது எது, பங்கேற்பாளர் குடித்தது எது என்று தெரியாமல் போய்விடும்.

சேர்மங்களைப் பிளாஸ்மாவிலிருந்து பிரிப்பது எளிது. 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் அக ஒப்பீட்டுப் பொருளைச் சேர்த்து, 600 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரில் ஊற்றிக் குலுக்கினால் புரதம் வீழ்படிவாகும். சுழற்றி, மேல் நீரை எடுத்து, 40 டிகிரியில் நைட்ரஜன் காற்றில் உலர்த்தி, 100 மைக்ரோலிட்டர் தொடக்கக் கரைப்பானில் மீண்டும் கரைத்துச் செலுத்துங்கள். காஃபினின் அளவு பல மடங்கு அதிகமாக இருக்கும். அதற்குத் தனியாக நீர்த்த மாதிரி தயாரியுங்கள்.

அளவீட்டு முறையின் சரிபார்ப்புக்கு, 2022இல் இறுதி செய்யப்பட்ட ஐசிஎச் எம்10 என்ற பன்னாட்டு நெறிமுறையைப் பின்பற்றுங்கள். 1 முதல் 200 நானோகிராம் வரையிலான வரம்புக்குக் குறைந்தது ஆறு அளவுப் புள்ளிகள் வேண்டும். தரக் கட்டுப்பாட்டு மாதிரிகளை 1, 3, 80, 160 நானோகிராமில் தயாரிக்கலாம். துல்லியம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வரம்பின் அடி எல்லையில் மட்டும் 20 சதவீதம் வரை ஏற்கலாம். ஆறு வெவ்வேறு மனிதர்களின் வெற்றுப் பிளாஸ்மாவில் (அளக்கும் சேர்மங்கள் எதுவும் இல்லாத பிளாஸ்மாவில்) குறுக்கீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வெற்றுப் பிளாஸ்மா கிடைப்பதுதான் உண்மையான தலைவலி. டீ குடிக்காத ஆளை இந்தக் கரையில் எங்கே தேடுவது? ரத்த வங்கிப் பிளாஸ்மாவில் பெரும்பாலும் காஃபின் இருக்கும். அதோடு அது சிட்ரேட் கரைசலில் சேகரித்தது, உங்கள் மாதிரியோ இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறொரு பொருள்) உள்ள குழாயில் எடுப்பது. எனவே டீ, காபி, சாக்லேட், கோலா அனைத்தையும் சில நாட்கள் நிறுத்த ஒப்புக்கொள்ளும் தன்னார்வலர்களிடம், நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன், அதே இடிடிஏ குழாயில் வெற்று ரத்தம் எடுங்கள். இதற்கான செலவைத் தொடக்கத்திலேயே நிதித் திட்டத்தில் சேருங்கள்.

நிலைப்புச் சோதனையைக் கடற்கரை வெப்பத்தில் செய்யுங்கள். ஆய்வகங்கள் வழக்கமாக 25 டிகிரி அறையில் சோதிக்கின்றன. மே மாதம் தேவிபட்டினத்தில் ஒரு திண்ணையில் இருக்கும் குழாய் அந்த 25ஐப் பார்ப்பதே இல்லை. முழு ரத்தத்தையும் பிளாஸ்மாவையும் 35 டிகிரியிலும் ஐஸ் நீரிலும் வைத்து, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று அளந்து பாருங்கள். ஆன்ட்ரோகிராஃபோலைடின் லாக்டோன் வளையம் காரத்தன்மையில் நிலைக்காது. திறந்து வைத்த பிளாஸ்மாவிலிருந்து கரியமில வாயு வெளியேற வெளியேற, அதன் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும். மூடியை உடனே மூடச் சொல்வது இதனால்தான்.

5. யாரை, எப்போது சேர்ப்பது

பங்கேற்பாளர் பட்டியலைக் கடல் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். விசைப்படகுத் தொழிலாளர்கள் தொடர்ந்து பல நாட்கள் கரையில் இருக்கும் காலம் அது. கடற்பாசி எடுக்கும் பெண்கள் பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலுக்குள் இருப்பார்கள், அந்நாட்களைத் தவிருங்கள். ரமலான் நோன்பு மாதத்தையும் தவிருங்கள். உணவு நேரமும் தூக்கமும் மாறும்போது உறிஞ்சலும் மாறும், நோன்பாளியிடம் பகலில் குடிக்கச் சொல்லவும் முடியாது.

கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்போர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்போர், தியோஃபிலின் எடுப்போர் ஆகியோரைச் சேர்க்க வேண்டாம். நிலவேம்பு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடும்.

சிஒய்பி 1ஏ2 நொதியை மாற்றும் பழக்கங்களைத் தனித்தாளில் பதிவு செய்யுங்கள். பீடி, சிகரெட் புகை அதைத் தூண்டும். கருகச் சுட்ட மீனும் இறைச்சியும் தூண்டும். கருத்தடை மாத்திரையும் சிப்ரோஃப்ளாக்சசினும் அதைத் தடுக்கும். ஆய்வுக்கு வந்த ஊக்கத்தில் ஒருவர் பீடியை விட்டுவிட்டால், சில நாட்களிலேயே நொதியின் வேகம் இறங்கிவிடும், பழி நிலவேம்பின் மேல் விழும். எனவே குடிநீர் குடிக்காமல் காஃபின் மட்டும் எடுக்கும் ஒப்பீட்டுக் குழு கட்டாயம் வேண்டும்.

6. ஆய்வு நாட்களின் வரிசை

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதல் நாள் 100 மில்லிகிராம் காஃபின் மட்டும். நான்காம் நாள் முதல் வேளைக் குடிநீரும் காஃபினும் சேர்த்து, அன்று முழு நாள் ரத்த மாதிரிகள். பத்தாம் நாள் வரை தினமும் குடிநீர். பதினோராம் நாள் குடிநீர் இல்லாமல் காஃபின் மட்டும்.

மூன்று முறை காஃபின் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருள் நொதியைத் தடுப்பதானால், அது ரத்தத்தில் இருக்கும்போதே விளைவு தெரியும். நொதியைத் தூண்டுவதானால், கல்லீரல் புதிய நொதியை உருவாக்க வேண்டும், அதற்குப் பல நாட்கள் ஆகும். நான்காம் நாளின் அளவு முதலாவதைக் காட்டும், பதினோராம் நாளின் அளவு இரண்டாவதைக் காட்டும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயன்றால், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும்.

காஃபினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சராசரியாக 5 மணி நேரம். ஐந்து அரை ஆயுள், அதாவது 25 மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆனாலும் மெதுவாக வெளியேற்றுபவர்கள் இருப்பதால் இடையில் இரண்டு முழு நாட்கள் விட்டிருக்கிறேன். காஃபினை மாத்திரையாகவே கொடுங்கள். ஒரு கப் டீயில் எவ்வளவு இருக்கிறது என்பது டீ போடும் கையைப் பொறுத்தது.

7. ரத்தம் எடுக்கும் நாள்

முதல் வேலை கேள்வி கேட்பது. "அக்கா, டீ குடித்தீர்களா?" என்றால் "இல்லை தம்பி" என்ற பதில்தான் வரும், உண்மையாகவே சொல்வார்கள். "காலையில் எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போட்டீர்கள்?" என்று கேளுங்கள். வெற்றிலை, புகையிலை, தலைவலி மாத்திரை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சில தலைவலி மாத்திரைகளில் காஃபின் இருக்கிறது. வருகிறவர் உண்மையை மறைப்பதில்லை. மாத்திரையை அவர் டீயோடு சேர்த்து எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

கடலிலிருந்து நேராக வந்தவரின் கை நாளங்கள் சுருங்கியிருக்கும். பாசி எடுக்கும் பெண்களின் விரல்களில் சுற்றிய துணி நனைந்தே இருக்கும், தோல் ஊறி வெளுத்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, வெதுவெதுப்பான துணியால் முன்கையைச் சுற்றி, சற்று நேரம் உட்கார வையுங்கள். உப்பு ஒட்டிய தோலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உலர்ந்த பிறகே ஸ்பிரிட் தடவுங்கள். அவசரத்தில் மெல்லிய ஊசியால் வலுவாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, பிளாஸ்மா இளஞ்சிவப்பாகும்.

குடிநீருக்கு முன் ஒன்று, பிறகு 15, 30 நிமிடங்கள், 1, 1.5, 2, 3, 4, 6, 8, 12, 24 மணி நேரத்தில் ஒவ்வொன்று என மொத்தம் பன்னிரண்டு மாதிரிகள். தலா 3 மி.லி. வீதம் 36 மி.லி. ஆகிறது. ஆன்ட்ரோகிராஃபோலைடு ஓரிரு மணி நேரத்தில் உச்சத்தை அடையும். அந்த நேரத்தைச் சுற்றி மாதிரிகள் நெருக்கமாக இருந்தால்தான் உச்சம் கையில் சிக்கும். ஊர்ப்பெரியவர் வந்து பேசிக்கொண்டிருந்ததால் ஒன்றரை மணி நேர மாதிரி தவறிப்போனால், பிறகு எந்தக் கணக்கும் அதை மீட்காது.

12 மணி நேரம் வரை கை நாளத்தில் கேனுலா என்ற மெல்லிய குழலை வைத்தே எடுங்கள், 24 மணி நேர மாதிரிக்கு மட்டும் தனி ஊசி. ஒவ்வொரு முறையும் கேனுலாவில் தங்கியிருக்கும் முதல் 1 மி.லி.யைக் கழித்துவிடுங்கள், அதில் குழல் அடைக்காமலிருக்கச் செலுத்திய உப்புநீர் கலந்திருக்கும். ரத்தம் ஊதா மூடி இடிடிஏ குழாயில் விழுந்ததும், எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். குலுக்கவே கூடாது.

திட்டமிட்ட நேரத்தை எழுதாதீர்கள். ஊசி ஏறிய உண்மையான நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். 60 நிமிட மாதிரி 67ஆம் நிமிடத்தில் கிடைத்தால், 67 என்றே எழுதுங்கள். 67 என்று எழுதியிருந்தால் கணக்கு அதை ஏற்கும். 60 என்று எழுதிவிட்டால் அந்தப் பிழையை யாராலும் பின்னர் கண்டுபிடிக்க முடியாது.

8. பிளாஸ்மாவை அங்கேயே பிரியுங்கள்

முழு ரத்தத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நகரத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்ற யோசனையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள். குண்டும் குழியுமான சாலையில் சிவப்பணுக்கள் உடையும், வெப்பத்தில் சேர்மம் குறையும். சிறிய சுழற்சிக் கருவியையும் அதைத் தாங்கும் இன்வெர்ட்டரையும் ஊருக்கே கொண்டு போங்கள்.

சுழற்சி வேகத்தை நிமிடச் சுற்றுகளில் மட்டும் எழுதுவது பொருளற்றது. விசைதான் முக்கியம். சுழலியின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, நிமிடச் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118ஆல் பெருக்குங்கள். 15 செ.மீ. ஆரத்தில் 3500 சுற்று என்றால் ஏறத்தாழ 2050 ஜி கிடைக்கும். அதே 3500 சுற்று 10 செ.மீ. ஆரமுள்ள சிறிய கருவியில் 1370 ஜி மட்டுமே. தேவையானது 1500 முதல் 2000 ஜி வரை, 10 நிமிடம்.

அடுத்தது ஐஸ். மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில் ஐஸுக்குப் பஞ்சமே இல்லை, அதனாலேயே தவறும் நடக்கிறது. மீன் பெட்டியில் போடும் ஐஸ் கட்டி 0 டிகிரியில் இருக்கும். ரத்தம் எடுத்ததிலிருந்து சுழற்றும் வரை, உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் குழாயை வைக்க அது மிகப் பொருத்தம். ஆனால் பிளாஸ்மாவை உறைய வைக்க அது உதவாது. உப்புப் போட்டு ஐஸின் குளிரைக் கூட்டலாம் என்று அனுபவமுள்ள மீனவர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் நன்றாகக் கலந்தாலும் அது மைனஸ் 20 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும், அதுவும் உருக உருக ஏறிக்கொண்டே போகும். நமக்குத் தேவை மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே. அதற்கு உலர்பனி வேண்டும், அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி.

குழாயை நேரடியாக ஐஸ் கட்டியில் பதிக்காதீர்கள், ஒட்டிய இடத்தில் ரத்தம் உறைந்து அணுக்கள் உடையும். சுழற்றி முடிந்ததும், மேல் நிற்கும் பிளாஸ்மாவை அணு அடுக்குக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டு உறிஞ்சுங்கள். வெள்ளையணு அடுக்கைத் தொடாதீர்கள். திருகு மூடியுள்ள உறைகுழாய்களில் மூன்றாகப் பிரித்து ஊற்றுங்கள். ஒன்று முதல் அளவீட்டுக்கு, ஒன்று நொதி சேர்த்து அளப்பதற்கு, ஒன்று மறு அளவீட்டுக்கு. ஒரே குழாயில் வைத்து மீண்டும் மீண்டும் உருக்கினால் சேர்மம் சிதையும்.

குழாயில் பேனாவால் எழுதினால் ஈரக் கையிலேயே அழிந்துவிடும். உறைநிலையைத் தாங்கும் ஒட்டுத்தாளில் முன்னரே அச்சிட்டு, உலர்ந்த குழாயில் முந்தின நாளே ஒட்டி வையுங்கள். பனி படர்ந்த குழாயில் எந்தத் தாளும் ஒட்டாது.

9. ஆய்வகத்துக்குக் கொண்டு செல்லுதல்

உலர்பனி கரியமில வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். வாகனத்தின் கண்ணாடியைத் திறந்து வைத்தே பயணியுங்கள், பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்காதீர்கள். பயணத்துக்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு உலர்பனி எடுத்துக்கொள்ளுங்கள், திருவிழாக் கூட்டத்தில் பாம்பன் பாலம் தாண்டவே நேரம் போய்விடும். குழாய் மூடிகளை இறுக்கமாகத் திருகியிருக்கிறீர்களா என்று மீண்டும் பாருங்கள். வாயு உள்ளே புகுந்தால் பிளாஸ்மாவின் அமிலத்தன்மை கூடும். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்று இருக்கட்டும்.

10. மாதிரிகளை ஓட்டுதல்

ஒரு பங்கேற்பாளரின் எல்லா மாதிரிகளையும், முதல் நாள் முதல் பதினோராம் நாள் வரை, ஒரே ஓட்டத்தில் அளங்கள். கருவியின் உணர்திறன் நாளுக்கு நாள் மாறும். முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வில், அந்த மாற்றம் விடையாக வேடம் போடக் கூடாது.

உயர் அளவுப் புள்ளிக்குப் பிறகு வெற்று மாதிரி ஒன்றைச் செலுத்துங்கள். அதில் தெரியும் மிச்சம், அடி எல்லை உச்சத்தின் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தரக் கட்டுப்பாட்டு மாதிரிகளில் மூன்றில் இரண்டு பங்காவது, ஒவ்வொரு அளவிலும் பாதியாவது 15 சதவீதத்துக்குள் வர வேண்டும். இல்லையென்றால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

இரண்டாம் குழாயில் பீட்டா குளுக்குரோனிடேஸ் நொதியைச் சேர்த்து, பிஎச் 5இல், 37 டிகிரியில் வைத்து அளங்கள். கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்த ஆன்ட்ரோகிராஃபோலைடு மீண்டும் விடுபடும். நொதியுடனும் நொதியின்றியும் கிடைக்கும் அளவுகளின் வேறுபாடு, இரண்டாம் கட்ட நச்சுநீக்கத்தில் குளுக்குரோனிக் அமிலம் இணைக்கும் வேலை அந்த மூலிகைச் சேர்மத்தின் மீது எவ்வளவு நடந்தது என்பதைக் காட்டும். நச்சுநீக்கம் என்ற சொல்லைத் தலைப்பில் வைப்பவர்கள் இந்தப் படியை விடவே கூடாது.

11. கணக்கு

உச்ச அளவு, உச்ச நேரம், வளைகோட்டின் கீழ்ப் பரப்பு மூன்றும் வேண்டும். பரப்பைச் சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டுங்கள். 0, 1, 2, 4 மணி நேரத்தில் அளவுகள் 0, 40, 30, 10 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மணியில் 20, இரண்டாவதில் 35, கடைசி இரண்டு மணியில் 40. மொத்தம் 95. இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பிறகு மென்பொருளை நம்பலாம்.

அடி எல்லைக்குக் கீழே வந்த மாதிரிகளை என்ன செய்வது என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். அரை ஆயுளுக்கு இறங்குமுகத்தில் குறைந்தது மூன்று புள்ளிகள் தேவை. இரண்டு புள்ளிகளில் கோடு போட்டால் எந்த விடையும் வரும்.

காஃபின் விகிதத்தை ஒவ்வொரு மனிதருக்கும் தனித்தனியாக, அவரது முதல் நாள் அளவுடன் ஒப்பிடுங்கள். குழுவின் சராசரியை மட்டும் போட்டால், புகைப்பவரும் புகைக்காதவரும் ஒருவரையொருவர் மறைத்துவிடுவார்கள். விகிதம் உயர்ந்தால், சிஒய்பி 1ஏ2 வேகம் கூடியது என்று எழுதுங்கள். உடல் சுத்தமானது என்று எழுதாதீர்கள். இந்த நொதி வேகமாவது எப்போதும் நன்மையும் அல்ல: புகையிலுள்ள சில வேதிப்பொருட்களைப் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்துக்கு மாற்றுவதிலும் இதே நொதிக்குப் பங்கு உண்டு. அவர் வேறொரு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அந்த மாத்திரை ரத்தத்தில் முன்கூட்டியே குறைந்தும் போகலாம்.

12. முடிவை யாரிடம் முதலில் சொல்வது

கைக்கு அளவு வந்ததும், ரத்தம் கொடுத்தவர்களிடம் முதலில் சொல்லுங்கள். ஒரு பக்கத் தமிழ்த் தாள் போதும்: அவரது ஏஎல்டி, ஹீமோகுளோபின் அளவுகள், குடிநீர் அவர் உடலில் எத்தனை மணி நேரம் தங்கியது, காஃபின் விகிதம் மாறியதா இல்லையா. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மருத்துவர் நேரில் படித்துக் காட்டட்டும். ஏதாவது அளவு சரியில்லை என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிய பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்புங்கள். தாளைக் கொடுக்கும் நாளைத் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்திலிருந்து முடிவு எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பதை உடன்பாட்டில் எழுதும்போது இந்த நாளை வைத்தே எழுதுங்கள்.